நோறா மூச்செடுத்த இடங்கள்

நோறா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ரொறன்ரோவில், ஸ்டீல்ஸ் வீதிப் பிளாசா ஒன்றின் கார்த்தரிப்பிடத்தில் இருந்தேன். இடியப்பப் பொதியைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, வழிமறித்து நின்ற வாகனத்துக்கு ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி மின்னியது. அவருடைய மகள் அய்லீன் எழுதியிருந்தாள். அம்மா இன்று காலை நித்திரையிலேயே போய்விட்டார், நான் பக்கத்தில் இருந்தேன் என்று இரண்டே வரி. நிமிர்ந்து பார்த்தால் முன்னால் நின்ற வாகனம் போய்விட்டது. இப்போது பின்னால் நின்றவர் எனக்கு ஹோர்ன் அடித்தார். நான் இடியப்பப் பொதியை எடுத்துப் பின் இருக்கையில் வைத்தேன். முன் இருக்கை நோறாவின் இருக்கை. வருடக்கணக்காக அதில் அவர்தான் இருந்து வந்தார். அன்றைக்கு அதில் இடியப்பம் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மாலையில் இரண்டாவது செய்தி வந்தது. அடக்கம் முடிந்தபின் தேவாலய மண்டபத்தில் எல்லோரும் கூடுவார்கள், அங்கே அம்மா வாசித்த இசைத்தட்டிலிருந்து கடைசி உருப்படியைப் போட வேண்டும் என்று அய்லீன் எழுதியிருந்தாள். ஆனால் வெளிவந்த தட்டு வேண்டாமாம். அதற்கு முதல், ஒலிப்பதிவு செய்த ரஞ்சன் உருவாக்கிய பிரதி, மூச்சுச் சத்தம் இல்லாத அந்தப் பிரதி, இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். அதை வாசித்ததும் என் துக்கத்துக்குள் கோபமும் வந்து குந்திக்கொண்டது. நோறா தன் வாயாலேயே வேண்டாம் என்று தள்ளிய பிரதி அது. செத்தவீட்டில் செத்தவரின் சொல்லுக்கு மதிப்பில்லையா என்று சமையலறையில் நின்று தனியாகச் சத்தம் போட்டேன்.

அந்தக் கோபம் சரியா பிழையா என்பதை நீங்களே சொல்லுங்கள். அதற்கு நோறாவைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் எங்கள் சமையற்கூடத்தில் வேலை செய்த உங்களுக்கு அவரைத் தெரியும். தட்டு வரிசையின் கடைசியில், குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்தில், வலைத்தொப்பிக்கு மேல் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு நின்று ஒவ்வொரு தட்டையும் சரிபார்த்த வெள்ளைக்காரப் பெண்மணி. சைவச் சாப்பாட்டுத் தட்டில் கோழி ஏறிவிட்டால் முழு வரிசையையும் நிறுத்திவிடுவார், ஆனால் யாரையும் ஏச மாட்டார். எங்களிடமிருந்து அவர் படித்த ஒரே தமிழ்ச் சொல், ஆம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘ஓம்’. அதை அவர் மேலாளரிடமும் சொல்வார். ஆனால் அவர் அயர்லாந்தின் மேற்கே, லீட்ரிம் என்ற இடத்தில் பிறந்தவர் என்பதும், அங்கத்தைய மரக்குழலை வாசிப்பதில் ரொறன்ரோவில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது என்பதும் உங்களில் பலருக்குத் தெரியாது. எனக்கே பிந்தித்தான் தெரியும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நோறா எனக்குச் சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில்தான் சொன்னார், அய்லீனும் மற்ற அயர்லாந்துக்காரரும் அப்படித்தான். ஆனால் அவர்கள் சொன்னவை என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகவே தங்கிவிட்டன. ஆங்கிலத்தில் நீ, நீர், நீங்கள் எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். இருக்கட்டும். நோறா என்னை ‘நீர்’ என்றுதான் கூப்பிட்டார் என்று நான் சத்தியம் செய்வேன்.

நான் மில்லிக்கனில் உள்ள என் வீட்டிலிருந்து புறப்பட்டு, வழியில் அவரை ஏற்றிக்கொண்டு, நானூற்றொன்றாம் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து மிசிசாகா போவேன். பழகிய புதிதில் ஒரு நாள், சாப்பாட்டு வண்டியைத் தள்ளும்போது அவருடைய விரல்கள் கைபிடிக் கம்பியில் தாமாகத் துள்ளுவதைக் கண்டேன். என் மாமாவுக்கு நடுக்க வருத்தம் இப்படித்தான் தொடங்கியது. எனக்கு வாய் சும்மா இராது. அன்று திரும்பி வரும்போது, வெட்கப்படாமல் டொக்டரிடம் காட்டுங்கள், ஆரம்பத்தில் பிடித்தால் மருந்து இருக்கிறது என்று புத்தி சொன்னேன். நோறா சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. கைப்பையைத் திறந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்தார். அதற்குள் மூன்று துண்டுகளாக ஒரு கறுப்பு மரக்குழல் இருந்தது. பூட்டினார். நம்முடைய புல்லாங்குழல் போலப் பக்கவாட்டில் பிடிப்பதுதான், ஆனால் நீளம். காருக்குள் அடங்காது. கோடைகாலம் என்பதால் கண்ணாடியை இறக்கினார். குழலின் நுனி யன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, நெரிசலின் நடுவே வாசிக்கத் தொடங்கினார். பக்கத்து லொறிக்காரர் தன் கண்ணாடியையும் இறக்கிவிட்டார். அன்றைக்கு நெரிசல் சீக்கிரம் கலைந்துபோனதில் எனக்கும் லொறிக்காரருக்கும் கவலை.

சங்கீதத்தில் எனக்கு ஞானம் இல்லை. தாளம் மட்டும் கொஞ்சம் வரும், எந்தப் பாட்டுக்கும் கை தானாகப் போடும். நோறா வாசித்தவற்றில் அநேகமானவை ஆட்டத்துக்கான மெட்டுகள். ஜிக் என்று ஒன்று, துள்ளிக்கொண்டு போகும். ரீல் என்று ஒன்று, நிற்காமல் ஓடும். ஸ்டியரிங்கில் நான் தாளம் போட அவருக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு சிறிய மெட்டையே மூன்று தரம் நான்கு தரம் திருப்பி வாசிப்பார்கள். ஏன் ஒன்றையே அரைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் றோட்டைக் காட்டினார். “நீரும் ஒவ்வொரு நாளும் உந்த ஒரே றோட்டாலதானே வாறீர். ஒரு நாளாவது அது நேற்றையான் மாதிரி இருந்ததோ?” அதற்குப் பிறகு கவனித்துக் கேட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் எங்கேயோ ஒரு விரல் வேறு மாதிரி விழுந்திருந்தது.

ஒரு நாள் தாளமே பிடிபடாத ஒன்றை வாசித்தார். என் கை ஸ்டியரிங்கில் தட்டப் போய், தடுமாறி, நின்றுவிட்டது. “விடும், இதுக்குத் தாளம் இல்லை, இது ஒரு ஆள் கதைக்கிறது” என்றார். அது அவர்களுடைய பழைய மொழியில் உள்ள ஒரு பாட்டின் மெட்டாம். ஒரு பெண், கப்பல் ஏறிப் போகிற தம்பியைக் கடைசியாகப் பார்க்க ஒரு குன்றில் ஏறுகிறாள். இப்படியான மந்த மெட்டை வாசிப்பதற்கு அவர்களிடம் இரண்டு ஒழுங்குகள் உண்டு. பாட்டின் சொற்கள் தெரியாதவர் அதை வாசிக்கக் கூடாது. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள், எவ்வளவு தெரிந்தவர்களாயிருந்தாலும், சேர்ந்து வாசிக்கக் கூடாது, கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். இந்த இரண்டாவது ஒழுங்கை நினைவில் வைத்திருங்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த மெட்டை வாசித்தாலும் அது யாரிடமிருந்து எடுத்தது என்று சொல்லிவிடுவார். இன்ன ஊர் இன்னாரிடமிருந்து, அவர் தன் பெரியதாயிடமிருந்து. நான் காரில் சினிமாப் பாட்டுப் போட்டால், இது ஆரிட்ட இருந்து எடுத்தது என்று கேட்பார். படத்திலிருந்து என்பேன். படத்துக்கு யார் கொடுத்தது என்பார். இதற்குப் பதில் தேடி நான் களைத்துப்போனேன்.

யாழ்ப்பாணத்தில் என் அம்மா செத்த செய்தி வந்த கிழமை எனக்கு ஊருக்குப் போக வழி இருக்கவில்லை. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று வேலைக்குக் கிளம்பினேன். காரில் ஏறியதும் நோறா ரேடியோவை நிறுத்தினார். விமான நிலையத்தை நெருங்கும்போதுதான் வாய் திறந்தார். “அழுகிறதெண்டா இறங்கிற பாதை வர முதல் அழும். பிறகு வலைத்தொப்பி போட வேணும்.” எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. அவர் சொன்னபடி நெடுஞ்சாலையின் இறங்கு பாதைக்கு முதலே அழுது முடித்தேன். அந்த ஒரு காலைக்காகவே நான் அவருக்கு ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்தான் அவருக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. நுரையீரல் வருத்தம், ஏறுமே தவிர இறங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவரோடு வாசிப்பவர்கள் காலங்காலமாகக் கேட்டு அவர் மறுத்துவந்த ஒன்றுக்கு அப்போதுதான் சம்மதித்தார். ஒரு இசைத்தட்டு. தனியே. பக்கத்தில் ஃபிடில் இல்லை, கிற்றார் இல்லை, ஒரு துணையும் இல்லை.

துணைக்கு நாலு பேரை வைத்துக்கொண்டால் உங்களுக்குச் சுகமாக இருக்குமே என்றேன். சேர்ந்து வாசிப்பது சுகந்தான் என்று ஒத்துக்கொண்டார். “நான் மூச்செடுக்கேக்க பக்கத்தில இருக்கிறவன் மெட்டைக் கொண்டு போவான், அவன் எடுக்கேக்க நான் கொண்டு போவன். தனிய வாசிச்சா என்ர மூச்சு மெட்டில ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை எங்க வைக்கிறது எண்டதுதான் வாசிப்பு.” எல்லோரும் எதிர்பார்க்கும் இடத்தில், வரி முடியும் இடத்தில், மூச்செடுத்தால் ஆடுபவரின் கால் நிலத்தில் விழுந்துவிடுமாம். ஒரு சுரம் தள்ளி, எதிர்பாராத இடத்தில் எடுத்தால் கால் அந்தரத்தில் நிற்குமாம். அவருடைய ஊர்க்காரர் எப்படி எடுப்பார்கள், பக்கத்து மாவட்டத்தார் எப்படி எடுப்பார்கள் என்று அதில் அவருக்குக் கதை கதையாக இருந்தது.

ஒலிப்பதிவுக்கு நான்தான் ரஞ்சனிடம் கூட்டிக்கொண்டு போனேன். ரஞ்சன் என் சித்தியின் மகன். பகலில் மின்சார வேலை, சனி ஞாயிறுகளில் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் அரங்கேற்றப் பாட்டுகளைப் பதிவு செய்வான். வீட்டு வெப்பமூட்டியை நிறுத்தி, மனைவியைத் துணி துவைக்க வேண்டாம் என்று கெஞ்சி, எல்லோரையும் மேலே அனுப்பிவிட்டுத்தான் தொடங்குவான். நோறா கம்பளம் விரித்த தரையைப் பார்த்துவிட்டு, கால் தட்ட ஏதாவது வேண்டும் என்றார். அவன் அலமாரியிலிருந்து ஒரு தட்டுப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து காலுக்கடியில் போட்டான். கோட்டு சூட்டோடு வந்து, குரலுக்கு எதிரொலி சேர்க்கும் எக்கோ கேட்கும் ஆட்களோடேயே பழகியவனுக்கு, பலகை கேட்ட நோறாவை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. ‘அன்ரி, அன்ரி’ என்று பின்னால் திரிந்தான்.

பதிவு பல ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தது. ஆட்ட மெட்டுகள் சுலபமாக அமைந்தன. கடைசி உருப்படியாக அந்தக் குன்றேறும் பெண்ணின் பாட்டை வைத்திருந்தார். அதில் ஒரு நீண்ட வரி, ஒரே மூச்சில் போக வேண்டும். காரில் அதை அவர் ஒரே மூச்சில் வாசித்து நான் கேட்டிருக்கிறேன். இப்போது முடியவில்லை. ஒரு சொல்லின் நடுவே மூச்சு அறுந்தது. மறுபடி வாசித்தார், மறுபடியும் அதே இடத்தில் அறுந்தது. முகம் சிவந்து வியர்த்துவிட்டது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று நானும் ரஞ்சனும் மாறி மாறிச் சொன்னோம். அவர் குழலை மடியில் வைத்து யோசித்தார். “அவ குன்றில ஏறுறா. என்ர வயசில ஏறினா அந்த இடத்தில நிண்டு மூச்செடுத்துத்தான் ஏறுவா. இது காணும், இதுவே போதும்.” அப்படியே விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ரஞ்சன் அந்த வேலையைச் செய்தான். அவனிடம் பதிவுக்கு வரும் பாட்டுக்காரர் எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றைத்தான், தம்பி, அந்த மூச்சுச் சத்தங்களை எடுத்துவிடுங்கோ. கேட்காமலே செய்து பழகியவன், நோறாவுக்கும் செய்தான். ஒவ்வொரு மூச்சாகத் தேடி வெட்டி, முன்னாலுள்ள சுரத்தின் வாலை இழுத்து ஓட்டையை மூடி, எக்கோவையும் தூவிவிட்டான். வேலை முடிந்து வந்து இரவிரவாக அதிலேயே கிடந்தான் என்று அவன் மனைவி சொன்னாள். அன்ரிக்கு இளைப்பு என்று கேட்கிற சனத்துக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அவனுடைய எண்ணம். அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

ரஞ்சன் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்து நாங்கள் மூவரும் அதைக் கேட்டோம். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நோறா அசையாமல் இருந்தார், பிறகு மேசை விளிம்பைப் பிடித்தார், பிறகு முகம் ஒரு மாதிரியாகிப் பெரிதாக வாயால் மூச்சு வாங்கினார். ரஞ்சன் பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தித் தண்ணீர் எடுக்க ஓடினான். அது நோயின் இளைப்பு அல்லவாம். குழல்காரர் குழலைக் கேட்கும்போது தங்களை அறியாமலே கூடவே மூச்செடுப்பார்கள். மெட்டில் மூச்செடுக்க இடம் வரும் வரும் என்று காத்திருந்திருக்கிறார். வரவேயில்லை. “நல்லா வாசிக்கிறா” என்றார், கொஞ்சம் ஆறியதும். “ஆனா தம்பி, இவ செத்துப்போயிட்டாவெல்லோ.” ரஞ்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. நோறா அவனுடைய கையைப் பிடித்து, நீர் என்னில பாசத்தில செய்தது எண்டு தெரியும், ஆனா என்ர மூச்சை எனக்குத் திருப்பித் தாரும் என்று கேட்டார். அவன் திருப்பிக் கொடுத்தான்.

அந்தத் தட்டைத்தான் உங்களில் பலர் என் தொல்லை தாங்காமல் வாங்கினீர்கள். வாங்கிவிட்டு, பக்கவாத்தியம் இல்லையே, வெறும் குழல் மட்டுந்தானே என்று என்னிடம் முறைப்பட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, ஒருக்கால் தனியே, கார் ஓடும்போது கேளுங்கள். பின்னணி என்று ஒன்று இல்லாததால் மறைக்க ஒன்றுமில்லை. பலகையில் கால் விழும் சத்தம், கதிரை நெரியும் சத்தம், விரல் மரத்தில் பொத்தும் சத்தம், எல்லாம் இருக்கும். வேகமான மெட்டுகளில் மூச்சு உங்களை முன்னால் தள்ளும். கடைசி உருப்படியில் அது உங்களை நிறுத்திவைக்கும். குன்றேறும் அந்த வரியில், சொல் பாதியில் அறுந்து, ஒரு கிழ நெஞ்சு காற்றை உள்ளே இழுத்து, விட்ட இடத்திலிருந்தே சொல்லை முடிப்பதைக் கேட்பீர்கள். உலகத்தில் நான் கேட்ட இசையில் எனக்கு மிக நெருக்கமான இடம் அதுதான், இதைச் சொல்ல எனக்கு ஞானம் தேவையில்லை.

ஆனால் அய்லீனுக்கு அது அப்படி இல்லை. தட்டு வெளிவந்த பிறகு நோறாவின் வருத்தம் ஏறிவிட்டது. மூக்கில் குழாயும், பக்கத்தில் இரையும் ஒட்சிசன் இயந்திரமுமாகக் கடைசிக் காலம் முழுவதும் அவரைப் பார்த்தவள் ஒரே மகளான அய்லீன்தான். பிக்கரிங்கில் இருந்த தன் வீட்டை விட்டுவிட்டுத் தாயோடு வந்து இருந்தாள். நான் கோபத்தோடு தொலைபேசியில் கூப்பிட்டபோது அவள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அந்தத் தட்டைத் தன்னால் கேட்க முடியவில்லை என்றாள். “அந்த இடம் வந்தவுடன நான் எழும்பி அவவின்ர கட்டிலுக்கு ஓடப் பாக்கிறன். அண்டைக்கு ஒரு நாளாவது, அவ கஷ்டப்படாமல் வாசிக்கிறதைக் கேக்க வேணும்.” ஆனாலும் நோறாவின் சொல்லை என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அடக்கத்தன்று, தாயின் சொல்லை மீறி, மூச்சில்லாத ஒருத்தியைக் கொண்டு நோறாவை வழியனுப்புவதா?

ரஞ்சனிடம் போய், அந்தப் பிரதியை அழித்துவிட்டேன் என்று அய்லீனிடம் சொல்லிவிடு என்றேன். அவன் எதையும் அழிக்காதவன், எல்லாம் வைத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. “அக்கா, அன்ரிக்கு அவவின்ர மூச்சைக் குடுத்தாச்சு. இப்ப பிள்ளை கேக்குது. தாயை இழந்த பிள்ளை கேக்கிறதை இல்லையெண்ண நாங்கள் ஆர்?” அவன் என்னைவிட இளையவன், ஆனால் அன்று மூத்தவன் மாதிரிப் பேசினான். நான் விட்டுவிட்டேன். கோபம் மட்டும் போகவில்லை, அதையும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் மண்டபத்துக்குப் போனேன்.

கிழக்கு ரொறன்ரோவில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபம். மேசையில் நோறாவின் படம், பக்கத்தில் அந்தக் கம்பளிக் காலுறையின் மேல் குழல். எங்கள் சமையற்கூடத் தட்டு வரிசையில் நின்ற பரீதா தேங்காய்ப்பால் இனிப்பான வட்டிலப்பம் செய்துகொண்டு வந்திருந்தார், அயர்லாந்துக்காரர் அதைச் சுற்றி நின்று என்ன என்று விசாரித்தார்கள். பின் வரிசையில் அவரோடு வாசித்தவர்கள் இருந்தார்கள். அநேகர் குழல்காரர், கிழவர்கள், நடுத்தர வயதுக்காரர், இரண்டு மூன்று பெண்கள். முதலில் ஆட்ட மெட்டுகளைச் சேர்ந்து வாசித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவர், இது நோறாவிடமிருந்து எடுத்தது என்று சொன்னார். பிறகு அய்லீன் தலையசைக்க, ரஞ்சன் எழுந்து போய்க் கடைசி உருப்படியைப் போட்டான். மந்த மெட்டு என்பதால் எல்லோரும் வாத்தியங்களை மடியில் வைத்துவிட்டார்கள். அய்லீன் முன் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

குழல் தொடங்கியது. எக்கோவோடு, ஓட்டை எதுவும் இல்லாமல், பிசிறில்லாமல் போயிற்று. நான் கையைப் பிசைந்துகொண்டு இருந்தேன். முதல் வரி முடிந்து ஒரு சுரம் தள்ளி, நோறா முதலில் மூச்செடுக்கும் இடம் வந்தது. தட்டில் மூச்சு இல்லை. ஆனால் மண்டபத்தில் ஒரு மூச்சுக் கேட்டது. பின்னாலிருந்து. நான் யாரோ பெருமூச்சு விடுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த இடம் வந்தது, மறுபடி கேட்டது, இம்முறை ஒன்றல்ல, பல. பின் வரிசைக் குழல்காரர் எல்லோரும், கை மடியில் இருக்க, நோறா மூச்செடுக்கும் இடங்களில் மூச்செடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அதை அறிந்து செய்யவில்லை என்பது முகங்களைப் பார்த்தால் தெரிந்தது. அந்த நீண்ட வரி வந்தது. ஒரே மூச்சில் போக வேண்டிய வரி. சொல்லின் நடுவே, நோறாவுக்கு முடியாமல்போன அந்த இடத்தில், பின் வரிசை முழுவதும் சேர்ந்து மூச்சை உள்ளே இழுத்தது. என் நெஞ்சும் இழுத்தது. அய்லீன் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தாள்.

உருப்படி முடிந்தபின் யாரும் கை தட்டவில்லை, அது அவர்களின் வழக்கம். அய்லீன் எழுந்து நேரே பின் வரிசைக்குப் போனாள். அங்கே ஓரத்தில் இருந்த ஒரு வயதானவரிடம், அந்த இடத்தில் ஏன் எல்லோரும் மூச்செடுத்தீர்கள், அம்மாவுக்கு வருத்தமாயிருந்தபடியால்தானே அங்கே எடுத்தவ என்று கேட்டாள். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. மூச்செடுத்தோமா என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பிறகு யோசித்துச் சொன்னார். “அது அங்கதான் எடுக்கிறது, பிள்ளை. அந்தத் தட்டு வந்த நாள் தொட்டு அப்பிடித்தான் நாங்கள் எல்லாரும் வாசிக்கிறனாங்கள். உம்மட அம்மாவிட்ட இருந்து எடுத்தது.”

அய்லீன் இத்தனை காலம் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தப் பார்த்த மூச்சு, இந்த மனிதர்களிடம் மெட்டின் ஒரு பகுதியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே வருத்தம் இல்லை, கட்டில் இல்லை. சேர்ந்து வாசித்தால் ஒருவர் மூச்செடுக்கும்போது மற்றவர் மெட்டைக் கொண்டுபோவார் என்று நோறா சொன்னது எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு மெட்டைக் கொண்டுபோனது நோறா, மூச்செடுத்தது அவர்கள். அய்லீன் அழத் தொடங்கினாள். தாய் செத்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு ரஞ்சனிடம் போய், மற்றதைப் போடுங்கோ அண்ணை என்றாள். அண்ணை என்று தமிழிலேயே சொல்ல அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, மண்டபத்தில் எங்கள் சனம் அவனை அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டிருப்பாள். ரஞ்சன் மற்றதைப் போட்டான். காலும் கதிரையும் மூச்சுமாக நோறா வாசித்தார். இந்த முறை அய்லீன் எழும்பி ஓடவில்லை, பின் வரிசையில் அந்தக் கிழவருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டாள். என் கோபம் எந்த இடத்தில் போனது என்று எனக்குத் தெரியாது. ரஞ்சன் சொன்னதுதான் சரி. அவன் கொடுக்காமல் விட்டிருந்தால் அந்த மண்டபம் மூச்செடுத்ததை அவள் கேட்டிருக்க மாட்டாள்.

குழல் அய்லீனிடம் இருக்கிறது, அவளிடம்தான் இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு இசைத்தட்டும் அதைப் போடக்கூடிய பழைய கொறோலாவுந்தான். மகன் காரை மாற்றச் சொல்கிறான், புதிய கார்களில் தட்டுப் போட இடமில்லை என்பதால் நான் மாட்டேன் என்றுவிட்டேன். நேற்று மிசிசாகாவுக்கு ஒரு அலுவலாகப் போனேன். முன் இருக்கையில் ஒன்றும் வைக்கவில்லை. நெரிசலில் கடைசி உருப்படி வந்தது, அந்த நீண்ட வரி வந்தது. எனக்கு ஒரு சுரம் வாசிக்கத் தெரியாது, அந்தப் பாட்டின் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் எங்கே நிற்க வேண்டும், எங்கே நின்று நெஞ்சை நிரப்பிக்கொண்டு மீண்டும் ஏற வேண்டும் என்பது தெரியும். யாராவது கேட்டால் சொல்வேன், நோறாவிடமிருந்து எடுத்தது.